நெல் வயலும் ஆகாயக் கணக்கும்

நீர் கட்டிய நெல் வயலில் இறங்கி நடப்பவன் காலடியிலிருந்து சிறு குமிழிகள் எழுந்து நீர்ப்பரப்பில் உடைவதைக் காணலாம். உழவர் எவரும் இதைப் பொருட்படுத்துவதில்லை. இக்குமிழிகளில் பெரும் பங்கு மீதேன் என்னும் வாயுவாகும். குளத்துச் சேற்றிலும் சதுப்பு நிலங்களிலும் தோன்றுவதும் இதுவே. சாண எரிவாயுக் கலத்திலிருந்து குழாய் வழியே வந்து அடுப்பை எரிப்பதும் இதுவே. நாட்டின் உணவு விளையும் இடத்தில் இயற்கையாகத் தோன்றும் இவ்வாயு, 1990ஆம் ஆண்டில் இந்தியாவின்மீது சாட்டப்பட்ட ஒரு பெருங்குற்றத்தின் சாட்சியாக உலக அரங்கில் நிறுத்தப்பட்டது. அக்குற்றச்சாட்டுக்கு மறுமொழி டில்லி மாநகரிலிருந்து இரண்டு விதமாக எழுந்தது. ஒன்று, ஒரு சிறு நூலின் வடிவில். மற்றொன்று, வயலில் கவிழ்த்து வைக்கப்பட்ட கண்ணாடி போன்ற பெட்டிகளின் வடிவில்.

பூமியின் மேற்பரப்பிலிருந்து வெளியேறும் வெப்பத்தைத் தடுத்து வைத்துக்கொள்ளும் தன்மை சில வாயுக்களுக்கு உண்டு. அவற்றுள் முதன்மையானது கரியமில வாயு. நிலக்கரியும் எண்ணெயும் எரியும்போது இது பெருமளவில் வெளிப்படுகிறது. தொழிற் புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த இவ்வாயு இன்று 420 பங்கையும் கடந்துவிட்டது. இரண்டாவது இடம் மீதேனுக்கு. காற்றில் இதன் அளவு மிகக் குறைவு. ஆயினும் எடைக்கு எடை ஒப்பிட்டால், நூறாண்டுக் காலத்தில் கரியமில வாயுவைப் போலச் சுமார் 28 மடங்கு வெப்பத்தைத் தடுக்க வல்லது. ஆனால் இதற்கு ஆயுள் சிறியது. பன்னிரண்டு ஆண்டுகள் அளவில் காற்று மண்டலத்திலேயே சிதைந்துபோகும். கரியமில வாயுவோ, ஒரு பகுதி நூற்றாண்டுகள் கணக்கில் தங்கியிருக்கும். இவ்வேற்றுமையை வாசகர் மனத்தில் கொள்ள வேண்டும். பின்னால் எழுந்த வாதங்களில் பாதி இதைச் சுற்றியே சுழன்றன.

ஐந்து நாடுகளின் பட்டியல்

1990ஆம் ஆண்டில் வாஷிங்டன் நகரிலுள்ள உலக வள நிறுவனம், ஐக்கிய நாடுகளின் அமைப்புகளுடன் சேர்ந்து தன் அறிக்கையை வெளியிட்டது. வெப்பத்தைத் தடுக்கும் வாயுக்களைக் காற்றில் சேர்ப்பதில் எந்த நாடு எவ்வளவு பொறுப்பு என்று அதில் ஒரு கணக்குப் போடப்பட்டிருந்தது. முதல் ஐந்து நாடுகளில் அமெரிக்காவுக்கும் அன்றைய சோவியத் யூனியனுக்கும் அருகே பிரேசிலும் சீனாவும் இந்தியாவும் இடம் பெற்றன. இந்தியாவின் நிலக்கரிப் புகை மட்டும் அதை அந்த இடத்துக்கு உயர்த்தியிருக்க முடியாது. நெல் வயல்களும் கால்நடைகளும் வெளிவிடும் மீதேனும் கணக்கில் சேர்ந்ததால்தான் நம் நாடு முன் வரிசைக்கு வந்தது.

உலக வெப்பநிலை பற்றிய சர்வதேச உடன்படிக்கை ஒன்றுக்கான பேச்சு வார்த்தைகள் 1991ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஆரம்பமாக இருந்தன. அந்த வேளையில் இத்தகைய பட்டியல் வெறும் புள்ளிவிவரம் அன்று. யார் எவ்வளவு குறைக்க வேண்டும், யார் செலவை ஏற்க வேண்டும் என்ற தீர்ப்புக்கு அது முன்னுரையாக அமையக்கூடியது. கையளவு நிலத்தில் நெல் நட்டு உண்ணும் குடியானவனும் பெருநகரத்தில் கார் ஓட்டுபவனும் ஒரே கூண்டில் நிறுத்தப்படும் நிலை அருகில் இருந்தது.

டில்லியில் அனில் அகர்வால் என்பவர் 1980ஆம் ஆண்டில் நிறுவிய விஞ்ஞான, சுற்றுச்சூழல் மையம் இக்கணக்கைக் கையிலெடுத்தது. அகர்வால் கான்பூர் தொழில்நுட்பக் கழகத்தில் இயந்திரப் பொறியியல் பயின்று, பின்னர்ப் பத்திரிகைத் துறையில் புகுந்தவர். இந்தியாவின் சுற்றுச்சூழல் நிலைமை பற்றி 1982ஆம் ஆண்டில் அம்மையம் வெளியிட்ட பொதுமக்கள் அறிக்கை அவருக்கு முன்னமே பெயர் தேடித் தந்திருந்தது. அவரும் சுனிதா நாராயணும் சேர்ந்து 1991ஆம் ஆண்டில் ஒரு சிறு நூலை வெளியிட்டனர். சமத்துவமற்ற உலகில் புவி வெப்பம் என்பது அதன் பொருள். சுற்றுச்சூழலின் பெயரால் நிகழும் குடியேற்ற ஆதிக்கம் என்று துணைத் தலைப்பிலேயே தம் கருத்தை ஒளிக்காமல் எழுதியிருந்தனர்.

அந்நூல் அமெரிக்க நிறுவனத்தின் எண்களை ஐயுற்றது. அதைவிட முக்கியமாக, எண்களைப் பங்கிட்ட முறையை மறுத்தது. உலகம் வெளிவிடும் வாயுக்கள் யாவும் காற்றில் தங்கிவிடுவதில்லை. கரியமில வாயுவில் ஏறக்குறையப் பாதியைக் கடலும் காடும் மண்ணும் உறிஞ்சிக்கொள்கின்றன. மீதேனில் பெரும் பகுதி காற்றிலேயே அழிகிறது. இவ்வாறு இயற்கை துடைத்துவிடும் அளவை எந்த நாட்டின் கணக்கில் வரவு வைப்பது? இதுவே கேள்வி.

ஓர் ஊர்க் கிணற்றை எடுத்துக்கொள்வோம். அதை இரு குடும்பங்கள் பயன்படுத்துகின்றன. இரண்டிலும் ஆட்கள் சம எண்ணிக்கை. ஒரு குடும்பம் நாளொன்றுக்கு 90 குடம் இறைக்கிறது. மற்றது 10 குடம். ஊற்று 50 குடம் நீரை நாள்தோறும் மீட்டுத் தருகிறது. ஆகவே கிணறு நாளுக்கு 50 குடம் வற்றுகிறது. வற்றுவதற்கு யார் பொறுப்பு? இறைத்த அளவுக்குத் தக்கபடி ஊற்றையும் பங்கிட்டால், முதற் குடும்பத்துக்கு 45 குடமும் இரண்டாவதற்கு 5 குடமும் வரவாகும். அப்போது முதற் குடும்பம் 45 குடத்துக்கும் இரண்டாவது 5 குடத்துக்கும் குற்றவாளிகள். அதிகம் இறைத்தவனுக்கு அதிக மன்னிப்பு! உலக வள நிறுவனம் கையாண்டது இம்முறையே. ஊற்றை ஆட்களின் எண்ணிக்கைப்படி பங்கிட்டாலோ, குடும்பத்துக்குச் சமமாக 25 குடம் கிடைக்கும். முதற் குடும்பம் 65 குடம் மிகையாக எடுத்திருப்பது தெரியும். இரண்டாவது குடும்பம் தன் பங்கில் 15 குடத்தைத் தொடவே இல்லை. வற்றியதற்கு அது பொறுப்பாளியாகாது.

உலக மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவிலும் சீனாவிலும் வாழ்ந்தனர். தலைக்கணக்குப்படி பங்கிட்டுப் பார்த்தபோது, இயற்கை துடைக்கும் அளவில் இவ்விரு நாடுகளுக்கும் உரிய பங்கு அவை வெளிவிட்டதைவிட அதிகமாக இருந்தது. எனவே, பட்டியலில் முன் வரிசையில் நின்றவை, வேறொரு வகுத்தல் கணக்கில் குற்றமற்றவை ஆயின. எஞ்சிய பங்கை மிகையாக வெளிவிடும் நாடுகளுக்கு விற்கலாம் என்ற யோசனையும் அந்நூலில் இருந்தது. பிழைப்புக்காக வெளிப்படும் வாயுவையும் சுகபோகத்துக்காக வெளிப்படும் வாயுவையும் ஒரே தராசில் நிறுக்கலாகாது என்பது அதன் மற்றொரு வாதம். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஓடும் கார்களின் புகையும், வங்காளத்துக் குடியானவனின் உழவு மாட்டிலிருந்தும் நெல் வயலிலிருந்தும் எழும் மீதேனும் அறத்தின் முன் ஒன்றாகா என்று ஆசிரியர்கள் எழுதினர்.

பூசாவில் வைத்த பெட்டிகள்

மையத்தின் முக்கிய வாதம் பங்கீடு பற்றியது. எண்கள் மெய்யா என்னும் கேள்வி அதனால் தீரவில்லை. இதற்கு விடை காணும் பொறுப்பைப் புதுடில்லி பூசாவிலுள்ள தேசியப் பௌதிக ஆராய்ச்சிச்சாலை ஏற்றது. தமிழ் வாசகர்களுக்கு இந்த ஆராய்ச்சிச்சாலை அந்நியமானதன்று. வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் இதன் முதல் டைரக்டர்; அது அமைந்துள்ள சாலைக்கும் அவர் பெயரே இடப்பட்டுள்ளது. முயற்சிக்குத் தலைமை தாங்கியவர் ஏ. பி. மித்ரா. வானொலி அலைகளைத் திருப்பியனுப்பும் மேல்வான மண்டலத்தை ஆராய்ந்து புகழ்பெற்ற இவர், 1986 முதல் 1991 வரை விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கவுன்சிலின் தலைமை டைரக்டராக இருந்தவர். அயன மண்டலத்திலிருந்து சேற்று வயலுக்கு இறங்கி வந்தது விநோதமாகத் தோன்றலாம். ஆனால் காற்று மண்டலத்தைக் கீழிருந்து மேல்வரை ஒரே பொருளாகக் கண்டவர் அவர்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் 1990ஆம் ஆண்டளவில் கொடுத்திருந்த மதிப்பீட்டின்படி, இந்திய நெல் வயல்கள் ஆண்டொன்றுக்கு 3 கோடியே 78 லட்சம் டன் மீதேனை வெளிவிட்டன. ஆனால் இவ்வெண் இந்திய வயல்களில் அளந்து பெற்றதன்று. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சில வயல்களில் கண்ட அளவை இந்திய நெற் பரப்புக்கு விரித்துப் பெருக்கியதால் வந்தது. இந்தியாவின் நெற் பரப்பு ஏறக்குறைய 4 கோடியே 20 லட்சம் ஹெக்டேர். வகுத்துப் பார்த்தால் ஹெக்டேருக்குச் சுமார் 900 கிலோ மீதேன் ஆகிறது. அக்காலத்தில் ஒரு ஹெக்டேரில் சராசரியாக விளைந்த அரிசியோ இரண்டு டன்னுக்கும் குறைவு. அரிசியின் எடையில் பாதியளவு வாயு வயலிலிருந்து பறக்கிறது என்பதை நம்புவதற்கு நெல் விளைவித்துப் பழகியவர் தயங்குவர்.

1991ஆம் ஆண்டில் நாட்டின் பல பாகங்களிலுள்ள ஆராய்ச்சி நிலையங்களும் பல்கலைக் கழகங்களும் ஒன்றுகூடி மீதேன் அளவீட்டு இயக்கத்தை நடத்தின. முறை எளியது. ஒளி ஊடுருவும் பெர்ஸ்பெக்ஸ் தகட்டால் ஆன, அடிப்பக்கம் திறந்த பெட்டியொன்றை நெற்பயிரின்மேல் கவிழ்ப்பார்கள். அதன் விளிம்பு நீரில் அமிழ்ந்து காற்றுப் புகாமல் அடைத்துக்கொள்ளும். உள்ளே ஒரு சிறு விசிறி காற்றைக் கலக்கும். குறித்த நிமிட இடைவெளிகளில் மருத்துவர் பயன்படுத்துவது போன்ற ஊசிக் குழலால் பெட்டிக் காற்றை உறிஞ்சி எடுத்து, ஆராய்ச்சிக்கூடத்தில் காஸ் குரோமடோகிராப் என்னும் பகுப்புக் கருவியில் செலுத்துவார்கள். மீதேன் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதிலிருந்து வயல் விடும் அளவு தெரியும். எளியதென்றாலும் அலுப்பூட்டும் வேலை. நாற்று நட்டது முதல் அறுவடை வரை, காலை, நண்பகல், மாலை எனத் திரும்பத் திரும்பச் செய்தாக வேண்டும். பெட்டிக்குள் வெப்பம் ஏறிவிட்டால் அளவு பிழைபடும். வரப்பிலிருந்து கைநீட்டும்போது சேற்றை மிதித்துக் கலக்கினாலும் பிழைபடும்.

கிடைத்த விடை ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் டன். அளவீட்டின் தடுமாற்றங்களைச் சேர்த்துக்கொண்டு 27 லட்சம் முதல் 54 லட்சம் டன் வரை இருக்கலாம் எனக் கூறப்பட்டது. முன்பு சாற்றப்பட்டதில் இது ஒன்பதில் ஒரு பங்குகூட நிச்சயமென்று சொல்லத்தக்கதன்று. சுமார் பத்தில் ஒரு பங்கு எனலாம். பின்னாளில் மத்திய அரசாங்கம் 2007ஆம் ஆண்டுக்குத் தயாரித்த கணக்கில் நெல் வயல் மீதேன் ஏறக்குறைய 33 லட்சம் டன் என வந்தது. முதல் அளவீடு தற்செயலானது அன்று என்பதற்கு இது போதிய சான்று.

இத்தாலிய வயலும் இந்திய வயலும்

இத்துணை வேறுபாடு எவ்வாறு வந்தது? மீதேன் உண்டாகும் வகையை அறிந்தால் இது விளங்கும். வயலில் நீர் நின்றதும் மண்ணிலுள்ள பிராணவாயு சில நாட்களில் தீர்ந்துபோகிறது. அதன்பின் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் நைட்ரேட்டிலும், பின்னர் இரும்பு, மாங்கனீசு முதலியவற்றின் கூட்டுப் பொருள்களிலும், அதன்பின் சல்பேட்டிலுமிருந்து பிராணவாயுவைப் பறித்துப் பிழைக்கின்றன. இவையும் தீர்ந்த பிறகே மீதேனை உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்கு முறை வருகிறது. வைக்கோலும் தழையும் வேரும் அழுகித் தரும் பொருள்களை அவை மீதேனாக மாற்றுகின்றன. அவ்வாயுவில் பெரும் பங்கு குமிழியாக வெளியேறுவதில்லை. வேருக்குக் காற்றுக் கொண்டு செல்லும் பொருட்டு நெற்பயிரின் தண்டில் அமைந்த காற்றுக் குழல்கள் வழியாகவே, புகைபோக்கியில் புகை ஏறுவது போல, மேலே ஏறிச் செல்கிறது.

ஆகவே மீதேன் மிகுவதற்கு இரண்டு வேண்டும்: மண்ணில் அழுகத்தக்க கரிப்பொருள் நிறைய இருக்க வேண்டும், நீர் இடைவிடாமல் நிற்க வேண்டும். ஐரோப்பாவில் ஆய்வு நடந்த இத்தாலிய வயல்களில் இரண்டும் வாய்த்திருந்தன. இந்திய வயல்களின் நிலை வேறு. பெரும்பாலான மண்களில் கரிப்பொருள் குறைவு. வைக்கோலை மாடு தின்றுவிடுகிறது. சாணம் அடுப்புக்குப் போகிறது. நெற் பரப்பில் பெரும் பகுதி மழையை நம்பியது. மழை பொய்த்தால் வயல் வெடிக்கும். மீண்டும் பெய்தால் நிறையும். மேட்டு நிலத்து நெல்லில் நீரே நிற்பதில்லை. வயல் ஒருமுறை காய்ந்தால் பிராணவாயு மண்ணுக்குள் புகுந்து, மீதேன் நுண்ணுயிர்களின் வேலையைப் பல நாட்களுக்கு நிறுத்திவிடும். இந்திய உழவனின் வறுமையும் வானத்தின் நிச்சயமின்மையும் மீதேனைக் குறைத்து வைத்திருந்தன. இதில் பெருமைப்பட அதிகம் இல்லை.

இவ்வளவீடுகளின் பயன் விரைவில் தெரிந்தது. பருவநிலை மாற்றம் பற்றிய அரசாங்கங்களுக்கிடையிலான குழு 1990ஆம் ஆண்டு அறிக்கையில் உலக நெல் வயல்களின் மீதேனை ஆண்டுக்கு 11 கோடி டன் என மதிப்பிட்டிருந்தது. 1992ஆம் ஆண்டுத் துணையறிக்கையில் அது 6 கோடி டன்னாகக் குறைக்கப்பட்டது. இந்தியா உள்ளிட்ட ஆசிய நாடுகளில் நேரில் அளந்த புதிய எண்கள் இதற்கு முக்கிய காரணம். இன்று உலக முழுமைக்கும் சுமார் 3 கோடி டன் என்பதே விஞ்ஞானிகள் ஏற்கும் அளவு. இந்தியாவுக்கு மட்டும் ஒருகாலத்தில் சாற்றப்பட்டது இதைவிட அதிகம்!

ஐரோப்பாவின் வாசலில்

1992ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ரியோ டி ஜெனிரோ மாநாட்டில் கையெழுத்தான ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையில், வளரும் நாடுகளின் தலா வெளியீடு இன்னும் குறைவாகவே உள்ளது என்ற உண்மை முகவுரையில் இடம் பெற்றது. பொறுப்பு எல்லோருக்கும் பொது, ஆனால் அளவில் வேறுபட்டது என்ற நெறியும் ஏற்கப்பட்டது. தலைக்குச் சம உரிமை என்ற டில்லியின் கோரிக்கை மட்டும் ஏற்கப்படவில்லை. லண்டனில் ஆப்ரி மேயர் என்பவர் நிறுவிய குளோபல் காமன்ஸ் இன்ஸ்டிட்யூட் இதே கருத்தை, மொத்த வெளியீட்டைச் சுருக்கிக்கொண்டே தலா அளவுகளை ஒன்றாக்கும் திட்டமாக உருவாக்கி ஐரோப்பாவில் பரப்பியது. 2002ஆம் ஆண்டு அக்டோபரில் புதுடில்லியில் கூடிய எட்டாவது மாநாட்டில் ஐரோப்பிய நாடுகள் வளரும் நாடுகளின் வருங்காலக் கடமை பற்றிப் பேச விரும்பின. அன்றைய பிரதமர் வாஜ்பாயி தலா அளவைச் சுட்டிக்காட்டி அதை மறுத்தார். அகர்வால் அம்மாநாட்டைக் காணவில்லை. நெடுநாள் புற்றுநோயுடன் போராடி, அவ்வாண்டு ஜனவரி 2ஆம் தேதி காலமாகியிருந்தார்.

ஐரோப்பிய நாடுகள் தம் வீட்டுக்குள் கையாண்ட நியாயம் இங்கே கவனிக்கத்தக்கது. 1997ஆம் ஆண்டுக் கியோட்டோ ஒப்பந்தப்படி அவை கூட்டாக 8 சதவிகிதம் குறைக்க வேண்டும். 1998ஆம் ஆண்டில் இச்சுமையைத் தமக்குள் பிரித்தபோது எல்லோருக்கும் ஒரே விகிதம் வைக்கவில்லை. ஜெர்மனி 21 சதவிகிதம் குறைக்க ஒப்புக்கொண்டது. பின்தங்கியிருந்த போர்ச்சுகல் 27 சதவிகிதமும் கிரீஸ் 25 சதவிகிதமும் கூட்டிக்கொள்ள இடம் தரப்பட்டது. வளர்ச்சியில் பின்தங்கியவனுக்கு விலக்கு என்னும் கொள்கை நடைமுறைக்கு ஒவ்வாதது என்று டில்லியிடம் கூறுவது, இதன்பின் எளிதாக இருக்கவில்லை.

2021ஆம் ஆண்டு கிளாஸ்கோ மாநாட்டில் மீதேன் மீண்டும் முன்னணிக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் சேர்ந்து, 2020ஆம் ஆண்டின் அளவிலிருந்து 2030க்குள் உலக மீதேன் வெளியீட்டை 30 சதவிகிதம் குறைக்கும் உறுதிமொழியை முன்வைத்தன. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்தன, இந்தியா சேரவில்லை. இங்கு மீதேனில் பெரும் பங்கு மாட்டுக் கொட்டிலிலிருந்தும் வயலிலிருந்தும் வருவது என்பதே காரணம். 2007ஆம் ஆண்டுக் கணக்கில் கால்நடைகளின் செரிமானத்தால் மட்டும் சுமார் ஒரு கோடி டன் வெளிப்பட்டது. எண்ணெய்க் கிணற்றின் ஓட்டையை அடைப்பதுபோல் மாட்டின் இரைப்பையை அடைக்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியமே 2024ஆம் ஆண்டில் கொண்டுவந்த மீதேன் சட்டம் எண்ணெய், வாயு, நிலக்கரித் தொழில்களைப் பற்றியது. பண்ணைகளை அது தொடவில்லை.

இன்று வாதத்தின் களம் வயலிலிருந்து தொழிற்சாலைக்கு மாறியுள்ளது. ஐரோப்பாவுக்குள் வரும் இரும்பு, எஃகு, அலுமினியம், சிமெண்டு, உரம் முதலிய பண்டங்களுக்கு, அவற்றைச் செய்தபோது வெளிப்பட்ட கரியமில வாயுவைக் கணக்கிட்டு எல்லையில் கட்டணம் விதிக்கும் முறை 2023 அக்டோபரில் கணக்குத் தாக்கலாகத் தொடங்கி, 2026 ஜனவரி 1 முதல் கட்டணப் பொறுப்பாக மாறியது. தம் ஆலைகள் இக்கட்டணத்தைச் செலுத்தும்போது வெளிநாட்டு ஆலைகள் செலுத்தாவிட்டால், தொழில் அங்கே ஓடிவிடும் என்பது ஐரோப்பாவின் வாதம். அதில் நியாயமே இல்லை என்று தள்ளுவதற்கில்லை. ஆயினும் வேறுபட்ட பொறுப்பு என்று 1992இல் ஒப்புக்கொண்ட நெறி சுங்கச் சாவடியில் காணாமற் போகிறது என்று டில்லியிலுள்ள அரசாங்கமும், விஞ்ஞான, சுற்றுச்சூழல் மையமும் கூறுகின்றன. இந்தியர் ஒருவரின் கரியமில வாயு வெளியீடு ஆண்டுக்கு ஏறக்குறைய 2 டன். ஐரோப்பியருடையது ஐந்தரை டன் அளவில். அமெரிக்கருடையது 14 டன்.

தலைக்கணக்கிலும் ஒரு குறை உண்டு. சராசரி என்பது ஒரு திரை. தென் டில்லியில் இரண்டு கார் வைத்திருப்பவரின் புகையும், அவர் வீட்டு வாசலில் காய்கறி விற்பவளின் புகையும் கூட்டி வகுக்கப்பட்டு 2 டன்னாகின்றன. ஏழையின் குறைந்த பங்கின் நிழலில் செல்வர் ஒதுங்கிக்கொள்கிறார் என்ற கண்டனம் நம் நாட்டிலேயே எழுந்துள்ளது, அது புறக்கணிக்கத்தக்கதன்று. மொத்த அளவிலும் இந்தியா இன்று உலகில் மூன்றாவது இடத்தில் இருக்கிறது. 1991ஆம் ஆண்டின் எண்களைக் கொண்டு இன்றைய வழக்கை வாதிட முடியாது.

இதற்கிடையே நெல் வயலின் மீதேனைக் குறைக்கும் ஆராய்ச்சி நிற்கவில்லை. வயலைத் தொடர்ந்து மூழ்கவைக்காமல், நீர் வற்றியபின் மீண்டும் பாய்ச்சும் முறை இதற்கு ஏற்றது எனக் கண்டுள்ளனர். தமிழ்நாட்டு உழவர் காய்ச்சலும் பாய்ச்சலும் என்று வழங்குவது இதைத்தான். திருந்திய நெல் சாகுபடியிலும் இது ஓர் அங்கம். நீரும் மிச்சமாகிறது, விளைச்சலும் பொதுவாகக் குறைவதில்லை. ஆனால் மண் காய்ந்து நனையும்போது, தழைச்சத்து உரத்திலிருந்து நைட்ரஸ் ஆக்ஸைடு என்னும் வேறொரு வாயு கூடுதலாக எழுகிறது. அது கரியமில வாயுவைப்போல் 270 மடங்கு வலியது. எனவே உரமிடும் நாளையும் நீர் பாய்ச்சும் நாளையும் பொருத்தி அளக்க வேண்டியுள்ளது. குழாய்க் கிணறு வைத்திருப்பவருக்கு இது கைகூடும். வாய்க்காலின் கடைமடையில் முறை வைத்து நீர் பெறுபவர், தண்ணீர் வரும் நாளில் வயலை நிரப்பிக்கொள்கிறார். அடுத்த முறை எப்போது வருமென்று அவருக்குத் தெரியாது.